தேன் கேக்கைத் தேடி

(பழைய மாணவர் குடும்பச் சந்திப்பில், இயந்திரவியல் துறையின் 2006–2010 அணியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார். நான் ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு உலை வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். இரும்பை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அதை இங்கே பேசினால், வகுப்பில் என்ன செய்தீர்களோ அதையே இப்போதும் செய்வீர்கள். அதனால் உலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் உள்ளே இரும்புக்குப் பதிலாகத் தேன் கேக் இருக்கும்.

(கைதட்டல் வேண்டாம், கேக் இன்னும் வரவில்லை.)

நம் கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு புளிய மரம், அதை ஒட்டி ஒரு சைக்கிள் கடை, அதற்கு அடுத்தது நம் பேக்கரி. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டதால், அதை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பேக்கரி" என்றால் அதுதான். கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் தேங்காய் பன், நடுத் தட்டில் பப்ஸ், கீழ்த் தட்டில் தேன் கேக். சதுரமாக வெட்டி, மேலே சிவப்பு ஜாம் தடவி, அதன்மேல் தேங்காய்ப் பூ தூவி, வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பார்கள். துண்டு ஐந்து ரூபாய். நாங்கள் நான்காம் ஆண்டுக்கு வந்தபோது ஏழு ரூபாய் ஆனது. அந்த இரண்டு ரூபாய்க்காக நாங்கள் ஒரு நாள் முழுக்க பேக்கரிப் பக்கம் போகாமல் போராட்டம் நடத்தியதும், மறுநாள் காலை பத்து மணிக்கே போராட்டம் முடிந்துபோனதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

காசு இருக்கிறவன் காசு கொடுப்பான். இல்லாதவனுக்கு ஒரு கணக்கு நோட்டு. முதலாளி கல்லாவுக்குப் பக்கத்திலேயே அது தொங்கும். மாசம் பொறந்து வீட்டிலிருந்து மணியார்டரோ, வங்கிக் கணக்கில் பணமோ வந்தால் தீர்ப்போம். எந்த மாணவனையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கடைசித் தேர்வு எழுதிவிட்டு ஊருக்குப் பெட்டி கட்டியபோது என் பேரில் நூற்று எண்பத்தாறு ரூபாய் பாக்கி. வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் சம்பளம் வந்தது. பத்தாவது வருடச் சம்பளமும் வந்தது. நான் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளின் பிறந்தநாள். "அப்பா காலேஜ்ல சாப்பிட்ட கேக்" என்று அவளிடம் நான் நிறையக் கதை அளந்திருக்கிறேன். ஓசூரில் பேக்கரிக்கா பஞ்சம்? பெங்களூர் பக்கம். பெங்களூர் சிக்பேட்டையில் 1898-ஆம் ஆண்டு ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் தொடங்கிய பி.பி. பேக்கரிதான் ஐயங்கார் பேக்கரிகளுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். இன்று அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஐயங்கார் பேக்கரி. அங்கெல்லாம் தேன் கேக் தவறாமல் இருக்கும். ஒரு பெட்டி வாங்கிப் போனேன். மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாதாம்ப்பா இருக்கு. ஆனா நீ சொன்ன மாதிரி இல்லையே" என்றாள். நானும் சாப்பிட்டேன். நல்ல கேக்தான். நம் கேக் இல்லை.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். மனைவியையும் மகளையும் மண்டபத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறி இங்கே வந்தேன். புளிய மரம் இருந்தது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. பேக்கரி இருந்த இடத்தில் ஷட்டர் இறங்கி, அதன்மேல் ஏதோ தேர்தல் சுவரொட்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதி காலியானது. பையன்கள் இல்லாத கல்லூரி வாசலில் பன் யாருக்கு விற்பது? சில மாதம் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள் என்று ரீசார்ஜ் கடைப் பையன் சொன்னான். முதலாளி அடுத்த வருடமே காலமாகிவிட்டாராம். நூற்று எண்பத்தாறு ரூபாய் என் சட்டைப் பையில் கனத்தது.

ஓசூர் திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். நாம் இஞ்சினியர்கள். வரைபடம் இல்லாத ஒரு பழைய இயந்திர பாகத்தைக் கையில் கொடுத்தால், அளந்து பார்த்து அதேபோல் இன்னொன்று செய்துவிடுகிறோம். ஒரு கேக்கைச் செய்ய முடியாதா?

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் வந்ததில்லை என்பதும் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் எபிங்கர்ஸ் என்று ஒரு பேக்கரி. நம் பெங்களூர் பேக்கரி தொடங்கிய அதே 1898-இல்தான் அதுவும் தொடங்கியது. ஜெர்மானியக் குடும்பம் நடத்தியது. ஐம்பதுக்கு மேல் கிளைகள். அவர்களுடைய பெயர்போன சரக்கு 'பிளாக் அவுட் கேக்'. இரண்டாம் உலகப் போரின்போது புரூக்ளின் கடற்படைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்கள் எதிரிக்குத் தெரியாமலிருக்க இரவில் விளக்கணைப்பார்கள். அந்த இருட்டின் பெயரைக் கறுப்பான சாக்லேட் கேக்குக்கு வைத்துவிட்டார்கள். உள்ளேயும் வெளியேயும் சாக்லேட் கூழ், அதன்மேல் அதே கேக்கை உதிர்த்துத் தூவியிருக்கும். 1972 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நொடித்துப்போய் எல்லாக் கிளைகளையும் மூடினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேக்கைத் தேடாத புரூக்ளின்காரர் இல்லை. 'இதுதான் அசல் செய்முறை' என்று சமையல் புத்தகங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல குறிப்புகள் வந்தன. வேறு கம்பெனிகளும் அதே பெயரில் செய்து விற்றன. சாப்பிட்ட பழைய ஆட்களோ, "கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் அது இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மகள் சொன்ன அதே தீர்ப்பு!

ஆனால் நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் கேரளத்துத் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்று ஒரு கடை வைத்தார். 1883-இல், அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துத் துரை மர்டாக் பிரவுன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டைக் கொடுத்து, "இதேபோல் செய்து தர முடியுமா?" என்று கேட்டாராம். பாப்பு தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்து வாங்கினார். துரை சொன்ன பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழத்தில் இறக்கிய சரக்கைச் சேர்த்தார். துரை சாப்பிட்டுப் பார்த்து, இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றாராம். இது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஒரே ஒரு மாதிரித் துண்டும் நாக்கும் வைத்துக்கொண்டு அவர் சாதித்துவிட்டார்.

பாப்புவின் கையில் மாதிரித் துண்டு இருந்தது. என் கையில் என்ன இருந்தது? நினைவு. சரி, நினைவுகளைச் சேகரிப்போம் என்று நம் பழைய மாணவர்கள் பதினொரு பேருக்குத் தொலைபேசியில் பேசினேன். பாகில் ரோஸ் எசன்ஸ் வாசம் வரும் என்றார் ஒருவர். அன்னாசி எசன்ஸ் என்றார் அடுத்தவர். ஜாமே கிடையாது, அது செர்ரி என்று சத்தியம் செய்தார் ஒரு மூத்த மாணவர். அவர் இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்! (அவரும் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார், பாருங்கள்.) இதில் ஒன்றை மட்டும் கவனித்தேன். 2010-க்கு முன் படித்தவர்கள் எல்லாரும் "அந்தத் தேங்காய்ப் பூ இருக்கே..." என்று ஆரம்பித்தார்கள். 2019-இல் படித்து முடித்த தம்பிகள் இரண்டு பேர் மட்டும் தேங்காயைப் பற்றிப் பேசவே இல்லை. "தேங்காயா? மரத்தூள் மாதிரி இருக்கும்ண்ணே, நாங்க தட்டிட்டுச் சாப்பிடுவோம்" என்றான் ஒருவன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் சோதனை ஆரம்பமானது. முப்பது லிட்டர் மின் அடுப்பு வாங்கினேன். ஆயிரம் டிகிரி உலை வடிவமைக்கிறவனுக்கு நூற்று எண்பது டிகிரி ஒரு பொருட்டா? முதல் கேக் ஓரம் கருகி நடுவில் கூழாக இருந்தது. இரண்டாவது கேக் நன்றாக வெந்தது. பாகு ஊற்றியதும் கஞ்சியாகிவிட்டது. மூன்றாவது கேக்கில் பாகு மேலேயே தங்கி, மறுநாள் சர்க்கரை பூத்து மணல்மணலாக நின்றது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உங்க கம்பெனிக்கு யாரு ஆர்டர் கொடுக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு உண்மை மண்டையில் ஏறியது. நான்கு வருடம் அந்தக் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறேன்; அதைச் செய்தவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. முதலாளி தெரியும். பின்கட்டில், பனியனும் கைலியுமாக, கையெல்லாம் மாவோடு ஒருவர் நடமாடுவார். 'மாஸ்டர்' என்பார்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தேட வேண்டியது கேக்கை இல்லை, அவரை என்று அப்போதுதான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து மறுபடி தஞ்சாவூர். பேக்கரிக்கு மைதா கொடுத்த கடை எது என்று விசாரித்துப் போனேன். அந்த மொத்த வியாபாரக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு மாஸ்டரை நன்றாகத் தெரிந்திருந்தது. "அவரு இப்போ ஊரோட போய்ட்டாரு தம்பி. பேராவூரணிக்கு முன்னாடியே எறங்கணும்" என்று வழி சொன்னார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் பஸ். பாதையில் நம் புது ஆறு கூடவே வந்து, விலகி, மறுபடி வந்து சேர்ந்தது. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை நாம் இன்னும் 'புது' ஆறு என்றுதான் சொல்கிறோம். நம் ஊரில் ஒன்று பழையதாக அவ்வளவு நாள் ஆகிறது. ஆனால் ஒரு பேக்கரி மூடினால் இரண்டே வருடத்தில் பழங்கதையாகிவிடுகிறது.

மாஸ்டருக்கு எழுபது வயதிருக்கும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் மட்டையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். "எந்த வருஷத்துப் புள்ளைங்க தம்பி நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "விலை ஏத்துனதுக்கு ஸ்ட்ரைக் பண்ண செட்டா?" என்றார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் சொன்னதை உள்ளபடியே சொல்கிறேன். நான் கல்லூரியில் எடுத்த குறிப்புகளைவிட ஒழுங்காக அன்று எழுதிக்கொண்டேன்.

"ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மைதா, இருவது முட்டை. இதுல என்ன தம்பி ரகசியம்? எல்லா மாஸ்டரும் போடுறதுதான். முட்டையும் சர்க்கரையும் நொரச்சு மூணு பங்கா எழும்பணும். அப்புறம் மாவைக் கொட்டி அடிக்கக் கூடாது, மடிச்சு மடிச்சுச் சேக்கணும். அடிச்சா காத்து போயிடும்."

"தேன் எவ்வளவு ஊத்துவீங்க மாஸ்டர்?"

அவர் சிரித்தார். "அஞ்சு ரூபாய்க் கேக்குல தேனா? ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணி, ஒரு கையளவு வெல்லம், ஒரு எலுமிச்சம்பழம் புழியணும். சின்ன தணல்ல அரை மணி நேரம். பெறகு நல்லா ஆற வெச்சு, அடுப்புலேருந்து எறக்குன சூட்டோட கேக்குல ஊத்தணும். ரெண்டுல ஒண்ணு சூடா இருந்தா ஒண்ணு ஆறியிருக்கணும். ரெண்டும் சூடுன்னா கஞ்சி. ரெண்டும் ஆறியிருந்தா மேலயே நிக்கும்."

நண்பர்களே, அந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடைய இரண்டாவது கேக்கும் மூன்றாவது கேக்கும் ஏன் தோற்றன என்பதற்கு இரண்டு வரியில் விடை. அது மட்டுமில்லை. முதலாண்டு வேதியியல் ஐயா இங்கே அமர்ந்திருக்கிறார், அவருக்கு உடனே புரிந்திருக்கும். நாம் சாப்பிடும் வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். அதைப் புளிப்போடு சேர்த்துக் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. தேனில் பெரும்பகுதியும் இந்த இரண்டு சர்க்கரைகள்தான். இப்படிப் பிரிந்த பாகு சீக்கிரம் பூக்காது, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சொட்டுத் தேன் இல்லாமல், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அந்த மனிதர் பாதித் தேனைச் செய்திருக்கிறார். அதற்குத் தேன் கேக் என்று பெயர் வைத்தது பொய்யே இல்லை.

அடுத்தது அடுப்பு. நம் பேக்கரியில் விறகு அடுப்பு, செங்கல் கட்டியது. விடியற்காலம் மூன்று மணிக்கு மூட்டி, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரிவிட்டு, முதலில் பிரெட்டும் பன்னும் வைப்பார்களாம். கல் குடித்து வைத்த சூடு மெல்ல மெல்ல இறங்கும். பிரெட்டுக்குப் பின் கேக், கேக்குக்குப் பின் பிஸ்கட், கடைசியில் ரஸ்க். ஒரே விறகில் நான்கு வேலை. வெப்பமானி கிடையாது. ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது நிறம் மாறும் நேரத்தை வைத்தே சூட்டைச் சொல்வாராம். எங்கள் கம்பெனியில் இதே காரியத்துக்கு நாங்கள் லட்சக்கணக்கில் கருவி பொருத்துகிறோம்.

"எல்லாம் முடிஞ்ச பெறகு, சாயங்காலம், அடுப்பு கைபொறுக்குற சூட்டுல இருக்கும். அப்பத்தான் தேங்காய்" என்றார்.

முதலாளிக்கு பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு இருந்திருக்கிறது. வாரம் ஒரு மூட்டை தேங்காய் வரும். நன்றாக முற்றிய காயை உடைத்து, கறுப்புத் தோல் படாமல் பூவாகத் துருவி, அந்தக் கடைசிச் சூட்டில் தட்டில் பரப்பி வைத்துவிடுவார்கள். காலையில் எடுத்தால் ஈரம் போயிருக்கும், எண்ணெய் போகாது, வாசமும் போகாது. அதுதான் "அந்தத் தேங்காய்ப் பூ இருக்கே..."

"அப்போ 2019-ல படிச்ச பசங்க ஏன் மரத்தூள்னு சொல்றாங்க மாஸ்டர்?"

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். எதிரே தோப்பைக் காட்டினார். வரிசையாகச் சின்ன மரங்கள். நடுநடுவே, வெட்டி எடுக்காமல் விட்ட பெரிய மரங்களின் அடிக்கட்டைகள்.

2018 நவம்பர் 16. கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் விடிவதற்குள் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னை வேரோடு சாய்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே இருக்கும் சிலர் வீட்டுத் தோப்பே போயிருக்கும். முதலாளியின் தோப்பும் அந்த ராத்திரியோடு போயிற்று. அதற்குப் பிறகு கடைக்கு பாக்கெட் தேங்காய்த் தூள் வாங்கினார்கள். கேக்கைப் பார்த்தால் அதே கேக்தான். ஆனால் மாஸ்டர் அதற்குப் பிறகு ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லையாம். "முதலாளியும் திங்கல. நாங்க ரெண்டு பேரும் அதைப் பேசிக்கவும் இல்ல."

நான் இத்தனை நாளாக அந்தக் கேக் 2020-இல் ஊரடங்கில் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, ஒரு ராத்திரியில், காற்றில் போய்விட்டது. கடை திறந்திருந்தது, பெட்டியில் கேக் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு பாகம் உடைந்தால் காரணம் எங்கே என்று பின்னோக்கிப் போவோமே, அப்படிப் போனால் ஒரு கேக்கின் காரணம் ஒரு தென்னந்தோப்பில் போய் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கேக்கில் மாஸ்டர் வனஸ்பதி உருக்கி ஊற்றுவார். அன்றைய வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு அதிகம், இதயத்துக்குக் கேடு. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவை 2021-இல் 3 சதவீதமாகவும், 2022-இல் 2 சதவீதமாகவும் குறைத்துவிட்டது. அன்றைய வனஸ்பதியை இனித் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். நம்மில் பலருக்கு ஏற்கெனவே கொலஸ்டிரால் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அசல் என்று நான் எதையும் உங்களுக்கு விற்க வரவில்லை. வெண்ணெய் போட்டுச் செய்யலாம் என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். தலச்சேரி பாப்பு பிராந்தியை மாற்றியதுபோல.

கிளம்பும்போது நூற்று எண்பத்தாறு ரூபாய்க் கதையைச் சொன்னேன். முதலாளி வீட்டில் கொடுக்க வேண்டும், வட்டியோடு ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கடை சாத்துன அன்னிக்கு கடைசியா ஒரு தடவை அடுப்பு மூட்டுனோம் தம்பி. முதலாளி அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டாந்து உள்ள போட்டுட்டாரு. புள்ளைங்க எங்கயாச்சும் நல்லாருக்கட்டும்னாரு."

அதற்குப் பிறகு நான் எதைக் கொடுக்க முடியும்?

நம் டெல்டாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமனைக் கேள்விப்படாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று மறைந்துகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடி எடுத்தவர். 2006-இலிருந்து நெல் திருவிழா நடத்தினார். நாங்கள் இந்தக் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. எங்களுக்கு அப்போது அது தெரியாது, தேன் கேக்தான் தெரியும். விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். காசு இல்லை. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த நான்கு கிலோ வேறு இரண்டு பேருக்குப் போகும். கஜா அடித்து மூன்று வாரத்தில், 2018 டிசம்பர் 6-ஆம் தேதி அவர் காலமானார். விதை அவரோடு போகவில்லை. காரணம், அதை அவர் தன் வீட்டுக் குதிரிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

புரூக்ளின்காரர்கள் கடை மூடிய பிறகு ஐம்பது வருடம் தேடினார்கள். விதை வாங்காமல் விட்டதன் பலன் அது. நான் தப்பித்தேன், எழுபது வயது மாஸ்டர் திண்ணையில் இருந்தார், அதனால். இன்னும் நாலு வருடம் சோம்பல் பட்டிருந்தால்?

ஆகவே என் கடனை இப்படித் தீர்க்கலாம் என்று நினைத்தேன். மாஸ்டர் சொன்னதை இரண்டு பக்கத்தில் எழுதி, அளவெல்லாம் போட்டு, அவரிடமே படித்துக் காட்டித் திருத்தி வாங்கினேன். அதை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு பேருக்குச் சொல்லித்தர வேண்டும். அதுதான் வட்டி. சங்க அலுவலகத்தில் பிரதி வைத்திருக்கிறேன். என் மகள் ஏற்கெனவே தன் தோழிகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நம் குடும்பத்தில் கடனைச் சீக்கிரம் அடைக்கும் முதல் ஆள் அவள்தான்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொரு சந்திப்பிலும் பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். செய்ய வேண்டியதுதான். பட்டறையில் நமக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், விடுதிச் சமையல்கட்டில் முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்தவர், நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர், இவர்களெல்லாம் எந்த ஊரில், எந்தத் திண்ணையில் இருக்கிறார்கள்? பெயராவது நமக்குத் தெரியுமா? அணிக்கு இரண்டு பேர் பொறுப்பெடுத்து, அடுத்த சந்திப்புக்குள் ஒருவரையாவது போய்ப் பார்த்து, அவர் கையில் இருக்கும் தொழிலை எழுதி வாங்கி வருவோம். அவர்களுக்கும் கேட்பதற்கு ஒரு ஆள் வந்ததே என்றிருக்கும். மாஸ்டர் என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார்: "நாப்பது வருஷம் கேக்குப் போட்டேன் தம்பி. எப்படிப் போட்டீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

கடைசியாக ஒரு நல்ல சேதி. 2019-இல் முதலாளி குடும்பத்தார் அந்தத் தோப்பில் மறுபடி கன்று வைத்தார்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது முதல் காய்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. மாஸ்டரைக் காரில் கூட்டி வந்திருக்கிறோம். நேற்று இரவு முழுக்க நம் விடுதிச் சமையல்கட்டில்தான் இருந்தார். இப்போது அரங்கத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மேடைக்கு வர மாட்டேன் என்கிறார். இன்று மாலைத் தேநீரோடு ஆளுக்கு ஒரு துண்டு. தேங்காய்ப் பூ அந்தத் தோப்பின் புதுக் காய். அது பழைய சுவைதானா என்று என்னைக் கேட்காதீர்கள். போய் மாஸ்டரைக் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு எப்படிச் செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.

நோட்டில் பாக்கி வைத்த நண்பர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. முதலாளியே எரித்துவிட்டார்.